பக்கத்து நாற்காலியும் பாலைவனப் பூவும்

நான் அவரை முதன்முதலில் பார்த்தபோது அவர் எடை பார்க்கும் கருவியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

சிங்கப்பூரின் புக்கிட் பாத்தோக்கில் ஓர் அடுக்குமாடி பிளாக்கின் கீழ்த்தளத்தில் இருந்த ரத்தச் சுத்திகரிப்பு நிலையம் அது. சிறுநீரகம் கைவிட்டவர்கள் வாரத்துக்கு மூன்று நாள் அங்கே வருவோம். நாலு மணி நேரம் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, ரத்தத்தை ஒரு இயந்திரத்துக்குள் ஓடவிட்டு, சுத்தம் செய்து திரும்ப வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவோம். உள்ளே நுழைந்ததும் எடை பார்க்க வேண்டும். போன தடவைக்குப் பிறகு எவ்வளவு ஏறியிருக்கிறதோ அவ்வளவும் உடம்பில் தேங்கிய தண்ணீர். அதை இயந்திரம் உறிஞ்சி எடுத்துவிடும்.

"இந்தத் தராசு நானூறு கிராம் கூடக் காட்டுது மிஸி."

தலைமைத் தாதியை நாங்கள் எல்லோரும் மிஸி என்றுதான் கூப்பிடுவோம். நல்ல பெண்மணி. ஆனால் காலை ஆறே முக்கால் மணிக்கு ஒன்பது பேருக்கு ஊசி குத்த வேண்டிய அவசரத்தில் இருந்தார்.

"ஆண்டி, போன மாசம்தான் ஆள் வந்து செக் பண்ணாங்க."

"செக் பண்ணதை நீங்க பார்த்தீங்களா, கேள்விப்பட்டதா?"

மிஸி பதில் சொல்வதற்குள் அவர் கைப்பையைத் திறந்து ஒரு கிலோ சீனிப் பொட்டலத்தை எடுத்துத் தராசின் மேல் வைத்தார். ஒன்று புள்ளி நான்கு. வரிசையில் நின்ற எல்லோரும் எட்டிப் பார்த்தோம். பிறகு அவரே குனிந்து, தராசின் ஒரு காலுக்கு அடியில் மடங்கிக் கிடந்த கால்மிதியின் ஓரத்தை இழுத்துவிட்டார். ஒன்று.

"நானூறு கிராம் தப்புன்னா, நானூறு மில்லி தண்ணியை என் உடம்புல இருந்து அநியாயமா எடுத்துடுவீங்க. அப்புறம் கால் இழுத்துக்கிட்டு கத்துறது யாரு? நான்தானே?"

அன்றைக்கு நான் சிரித்தேன். அந்த வருஷத்தில் அதுதான் முதல் சிரிப்பு என்று நினைக்கிறேன்.

எனக்குக் கொடுத்த நாற்காலி அவருடைய நாற்காலிக்குப் பக்கத்தில் இருந்தது. திங்கள், புதன், வெள்ளி. கிட்டத்தட்ட மூன்றரை ஆண்டுகள். என் மனைவியோடுகூட நான் அத்தனை மணி நேரம் தொடர்ந்து உட்கார்ந்து பேசியதில்லை. அவர் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை. சொன்னால், "என் பேரை எதுக்குண்ணே இழுத்தீங்க?" என்று கேட்டிருப்பார்.

அப்போது அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. நாகூர்ப் பக்கத்துப் பூர்வீகம். தாத்தா காலத்திலேயே சிங்கப்பூருக்கு வந்துவிட்ட குடும்பம். குள்ளமான உருவம், இழுத்துப் பின் குத்திய முக்காடு, காலில் எப்போதும் ஓட்டப் பந்தயச் சப்பாத்து. பூன் லே பக்கம் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை. தலை முதல் கால்வரை வெள்ளை உடுப்பு மாட்டிக்கொண்டு, தூசு நுழையாத அறையில் உட்கார்ந்து, உருப்பெருக்கியில் குறை தேடுவது. "இது சரியில்லைன்னு சொல்றதுக்குத்தான்ணே எனக்குச் சம்பளம்" என்பார். டயாலிசிஸ் தொடங்கியதும் வேலையை விடச் சொன்னார்கள். விடவில்லை. செவ்வாய், வியாழன், சனி வேலைக்குப் போனார்.

யார் எது முடியாது என்று சொன்னாலும் அவரிடமிருந்து அந்த ஒரே கேள்விதான் வரும். பார்த்தீங்களா, கேள்விப்பட்டதா? செய்து பார்த்துத் தோற்றவர் சொன்னால் உடனே கேட்டுக்கொள்வார். கேள்விப்பட்டதை மட்டும் சொன்னால் அதை ஒரு காதில்கூட வாங்க மாட்டார்.

பூ விஷயம் ஒரு காலண்டரில் ஆரம்பித்தது. தாதிகள் மேசைக்குப் பின்னால் தொங்கியது. அந்த மாதப் படத்தில் வறண்ட மணல் பூமி, தூரத்தில் மொட்டை மலை, நடுவில் மணல் முழுக்கக் குட்டிக் குட்டி நீலப் பூக்கள். அவர் நாற்காலிக்கு நேர் எதிரே. மாதம் முழுக்க அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மாதம் முடிந்ததும் அந்தத் தாளைக் கிழித்துத் தரச் சொல்லி வாங்கிக்கொண்டார். கீழே பொடி எழுத்தில் பேர் இருந்தது. டெசர்ட் புளூபெல். அமெரிக்காவின் மேற்குப் பாலைவனத்துப் பூ. நாலு மணி நேரமும் ஊசி குத்தாத கையால் கைப்பேசியைத் தடவித் தடவிப் படித்தார்.

"அண்ணே, இது ஒரு வருஷச் செடியாம். விதையில இருந்து முளைச்சு, பூத்து, விதை விட்டுட்டு, அத்தோட போயிடுமாம். எல்லாமே ஒரே பருவத்துல."

"ம்."

"தண்ணி அதிகம் குடிச்சா செத்துடுமாம்."

"அப்ப நம்ம ஆளுதான்."

அவர் சத்தமாகச் சிரித்தார். எங்களுக்கெல்லாம் நாளுக்கு அரை லிட்டர்தான் கணக்கு. தேநீர், ரசம், மாத்திரைக்குக் குடிப்பது எல்லாம் சேர்த்து. அதுவே என்னைக் கொன்றுகொண்டிருந்தது. முப்பது வருஷம் தஞ்சோங் பகார் துறைமுகத்தில் வெயிலில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவன் நான். ஒரு பெரிய பாட்டிலை அண்ணாந்து ஒரே மூச்சில் காலி செய்வதுதான் எனக்குத் தெரிந்த சந்தோஷம். இந்த உடம்போடு இன்னும் எத்தனை நாளைக்கு என்று தினமும் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் அப்படி நினைத்ததாகத் தெரியவில்லை.

"பேரு வச்சிட்டேன். நீலமணி" என்றார்.

விதையை அவர் பையில் மறைத்துக் கொண்டுவந்துவிடவில்லை. முறைப்படி அரசாங்கத்திடம் எழுதிக் கேட்டு, அனுமதி வாங்கி, சான்றிதழோடு அமெரிக்காவிலிருந்து வரவழைத்தார். குறுக்கு வழி அவருக்கு ஆகாது. எதிர்ப்பதைக்கூட விதியைப் படித்துவிட்டுத்தான் எதிர்ப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தேக்கா சந்தையில் காய்கறி வாங்கப் போயிருந்தேன். சந்தைக்குப் பின்னால் ஒரு செடிக் கடையில் அவர் குரல் கேட்டது. சொரசொரப்பான மணல் வேண்டுமாம். எதற்கு என்று கேட்ட கடைக்காரர் கைப்பேசியில் இருந்த படத்தைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"இந்த ஊர்ல இது வராதும்மா. காத்துலயே ஈரம். வேர் அழுகிடும் லா. ஆர்க்கிட் இருக்கு, எடுத்துட்டுப் போங்க."

"நீங்க போட்டுப் பார்த்தீங்களா, கேள்விப்பட்டதா?"

"முப்பது வருஷமா செடி விக்கிறேன்மா."

"முப்பது வருஷத்துல இதை ஒரு தடவையாவது போட்டீங்களா?"

கடைக்காரர் நேர்மையான மனிதர். "இல்ல" என்றார்.

"அப்ப மணலை மட்டும் கொடுங்க."

மணல் மூட்டையை நான்தான் பேருந்து நிறுத்தம் வரை தூக்கிக்கொண்டு போனேன். ஊசி குத்துவதற்காக ரத்தக் குழாயை இணைத்துத் தைத்த கையால் கனம் தூக்கக்கூடாது. அவருக்கு இடது கை, எனக்கு வலது கை. ஆளுக்கு ஒரு கைதான் மிச்சம்.

கடைக்காரர் சொன்னதுதான் முதலில் நடந்தது. முதல் தடவை போட்ட விதையில் நாலே நாளில் வெள்ளைப் பூஞ்சை. இரண்டாம் தடவை ஒன்றும் முளைக்கவில்லை. மூன்றாம் தடவை முளைத்த பதினோரு நாற்றும் கழுத்து ஒடிந்த மாதிரி ஒரே காலையில் சாய்ந்துவிட்டன. ஒவ்வொரு தடவையும் திங்கட்கிழமை வந்து எனக்கு அறிக்கை கொடுப்பார். முகத்தில் வருத்தம் இருக்காது, எரிச்சல்தான் இருக்கும். தொழிற்சாலையில் எந்த இடத்தில் தவறு நடந்தது என்று தேடுகிறவருடைய எரிச்சல். ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தில் தேதி, வெப்பம், ஊற்றிய தண்ணீர், எத்தனை முளைத்தது, எத்தனை செத்தது எல்லாம் எழுதி வைத்திருந்தார்.

"ரெண்டாவது தடவை ஏன் முளைக்கலன்னு கண்டுபிடிச்சிட்டேன். அதுக்குக் குளிர் வேணும், இருட்டு வேணும். அங்க குளிர்காலத்துலதான் முளைக்குமாம். நான் அடுப்புக்குப் பக்கத்துல வச்சிருக்கேன், மடச்சி."

நாலாவது தடவை, மீன் வாங்கப் போகும் கூலர் பெட்டிக்குள் விதையை வைத்து, காலையும் மாலையும் பனிக்கட்டிப் பை மாற்றினார். தொழிற்சாலைப் பெண்கள் குடித்துவிட்டுப் போடும் பபிள் டீ கோப்பைகளைக் கழுவி எடுத்துவந்தார். வேர் ஆழமாக இறங்க உயரமான கோப்பை வேண்டும், அடியில் சூடாக்கிய ஊசியால் ஓட்டை. ஓரிடத்தில் முளைத்ததைப் பிடுங்கி நட்டால் தாங்காது என்பதால் முதலிலேயே கோப்பையில் விதைத்தார். பகலில் வெயில் விழும் ஜன்னலோரம். வெயில் போனதும் குளிரூட்டிய படுக்கையறை.

ஆனால் அவருக்கு ஏசி ஆகாது. சுத்திகரிப்பு நாற்காலியிலேயே இரண்டு போர்வை கேட்பவர். அதனால் படுக்கையறையைச் செடிகளுக்குக் கொடுத்துவிட்டு, அவர் ஹாலில் சோபாவில் படுத்தார்.

இதை அவருடைய அண்ணன் கண்டுபிடித்துவிட்டார். அவரை இவர் நானா என்று கூப்பிடுவார். அறுபது வயது, தஞ்சோங் பகாரில் வீடு, தங்கைமேல் உயிர். தங்கை கணவரை இழந்து, பிள்ளையும் இல்லாமல், நோயோடு தனியாக இருப்பது அவருக்குப் பொறுக்கவில்லை. எப்படியாவது தன் வீட்டுக்கு அழைத்துப்போய்விட வேண்டும் என்று ஒவ்வொரு வாரமும் வந்து பேசிப் பார்ப்பார். அந்த வாரம் வந்தவர் படுக்கையறைக் கதவைத் திறந்துவிட்டார்.

"செடிக்கு ஏசி, நீ சோபாலயா? உனக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சா?"

"அதுக்குக் குளிர் வேணும் நானா, எனக்கு வேணாம். இதுல பேதலிக்க என்ன இருக்கு?"

"நீ ஒத்தையா இருக்க முடியாதுன்னு இதுலயே தெரியுது."

"ஏழு வருஷமா இருக்கேன். முடியுது."

இந்தச் சண்டையை நிலையத்தில் அவர் எங்களுக்கு நடித்துக் காட்டியபோது, மிஸிகூட ஊசிப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்று கேட்டார்.

அந்த நாட்களில்தான் ஒரு வெள்ளிக்கிழமை நான் போகவில்லை. காய்ச்சலோ வேறு வேலையோ இல்லை. எழுந்தேன், குளித்தேன், சட்டை போட்டேன், பிறகு கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். மனைவி கெஞ்சிப் பார்த்தாள். ஏழேகாலுக்குக் கைப்பேசி ஒலித்தது.

"எங்க இருக்கீங்கண்ணே?"

"வீட்ல. இன்னைக்கு வரல. இனிமேலும் வரதா இல்ல."

அந்தப் பக்கம் இயந்திரச் சத்தம் கேட்டது. புத்திமதி சொல்லப் போகிறார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

"எனக்கு ஊசி குத்திட்டாங்க, குழாய் மாட்டிட்டாங்க. எழுந்து வந்து உங்களை இழுத்துட்டுப் போக முடியாது. அதனால நீங்களே வந்துடுங்க. மிஸி உங்க மெஷினை ஒன்பது மணி வரைக்கும் வச்சிருப்பாங்களாம்."

"எதுக்கும்மா வரணும்? சொல்லுங்க, எதுக்கு?"

"எனக்கு எப்படித் தெரியும்? அஞ்சு நாற்று நிமிர்ந்து நிக்குது, அதைச் சொல்ல ஆளில்லாம உட்கார்ந்திருக்கேன். வாங்க."

எட்டரைக்குப் போனேன். வாழ்க்கையை எதற்காக வாழ வேண்டும் என்று கேட்டவனுக்கு ஐந்து நாற்றைப் பற்றி நாலு மணி நேரம் சொன்னார். மூன்றாவது இலையில் பொடி முடி வந்திருக்கிறதாம். தொட்டால் சிலருக்கு அரிக்குமாம். அவருக்கு அரிக்கவில்லையாம்.

நாற்றுகள் ஒரு சாண் உயரம் வந்தபோது அவர் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். குழாய் இணைத்த கையில் கிருமி புகுந்து, குளிர் காய்ச்சல். பத்து நாளாவது வைத்திருப்போம் என்றார்கள். இரண்டாம் நாள் எனக்கு அழைத்தார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது.

"அண்ணே, நானா அதையெல்லாம் குப்பைல போடப் போறாரு. மண்ணால வந்த கிருமிங்கறாரு. நீங்க போய் எடுத்துட்டு வந்துடுங்க. இலை தொங்கினாலும் தண்ணி ஊத்தாதீங்க. சாயங்காலம் தானா நிமிரும். மணல் அடிவரைக்கும் காய்ஞ்சா மட்டும் ரெண்டு ஸ்பூன். ரெண்டே ரெண்டு."

நான் போனபோது அவர் அண்ணன் கறுப்புக் குப்பைப் பையோடு படுக்கையறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். கண்கள் சிவந்திருந்தன.

"இந்த எழவாலதான் அவ படுத்துக் கிடக்கா" என்றார்.

எனக்கு அந்த மனிதரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. ஆனால் என் வாயிலிருந்து வந்தது என் வார்த்தை இல்லை.

"டாக்டர் அப்படிச் சொல்லி நீங்க கேட்டீங்களா பாய், இல்ல நீங்களா நினைச்சுக்கிட்டதா?"

அவர் என்னை உற்றுப் பார்த்தார். பிறகு சமையலறைக்குப் போய் ஒரு நல்ல துணிப்பை எடுத்துவந்தார். கோப்பைகள் சாயாமல் இருக்கச் செய்தித்தாளைக் கசக்கி இடையில் வைத்ததும் அவர்தான்.

எங்கள் வீடு நாலு பிளாக் தள்ளி. ஐந்து கோப்பையையும் ஜன்னலோரம் வைத்தேன். முதல் நாள் மத்தியானம் இலைகள் துவண்டு தொங்கின. சொன்னதுபோலச் சாயங்காலம் நிமிர்ந்தன. இரண்டாம் நாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் மத்தியானம் வெயில் கொளுத்தியது. இலைகள் கோப்பை விளிம்பில் செத்த பூச்சி மாதிரி கிடந்தன. பார்க்கப் பொறுக்கவில்லை. ஒரு வாய் கொடுத்தால் என்ன ஆகிவிடும் என்று தோன்றியது. ஊற்றினேன். மணல் உறிஞ்சிய சத்தம் என் தொண்டைக்குள்ளேயே இறங்கியது. மறுநாளும் ஊற்றினேன்.

அதற்கடுத்த மூன்றாம் நாள் காலையில் மூன்று செடிகள் அடித்தண்டு கறுத்து விழுந்து கிடந்தன.

மருத்துவமனையில் பார்வையாளர் நேரத்தில் போய்க் கட்டிலருகே நின்றேன். நான் சொல்வதற்குள் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார்.

"எத்தனை போச்சு?"

"மூணு."

"எத்தனை தடவை ஊத்தினீங்க?"

"ஒரு தடவை."

அவர் என் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ரெண்டு."

"அண்ணே."

"ரெண்டுதான்மா, சத்தியமா. ஆனா ஒவ்வொரு தடவையும் அரை கிளாஸ்."

"அதுக்குத் தாகமா இருக்கும்னு நினைச்சீங்க."

"ஆமா."

"உங்களுக்குத் தாகமா இருந்துச்சு."

அந்த வாரம் எனக்கு எடை மூன்றரை கிலோ ஏறியிருந்ததை மிஸி அவரிடம் சொல்லியிருந்தார் போலும். வீட்டில் யாரும் பார்க்காதபோது குளியலறைக் குழாயில் வாயை வைத்துக் குடிக்கிற ஆள் நான். அவர் அதைக் கேட்கவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை. அவரே கையை நீட்டி என் சட்டை நுனியை இழுத்தார்.

"ரெண்டு இருக்குல்ல? ரெண்டு போதும். ஒண்ணே ஒண்ணுன்னாதான் கஷ்டம். ஒரு பூவோட மகரந்தத்தை இன்னொண்ணுக்குக் கொண்டு போகணும். நம்ம ஊர்த் தேனீக்கு இது என்ன பூவுன்னே தெரியாது. போய் அந்த ரெண்டையும் பாருங்க. சும்மா பாருங்க, போதும்."

சும்மா பார்த்தேன். அவ்வளவு கடினமான வேலையை நான் துறைமுகத்தில்கூடச் செய்ததில்லை. செடி துவளும்போது பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வேன். நானும் குடிக்க மாட்டேன். சாயங்காலம் அது நிமிரும்போது எழுந்து, எனக்கு அளந்து வைத்த ஒரு குவளையை எடுத்துக்கொள்வேன். அடுத்த வெள்ளிக்கிழமை என் எடை ஒன்றரை கிலோதான் ஏறியிருந்தது. மிஸி என்னை இன்னொரு தடவை ஏறி நிற்கச் சொன்னார்.

அவர் வீடு திரும்பிப் பன்னிரண்டாம் நாள் முதல் மொட்டு விரிந்தது.

அந்த நீலத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. பள்ளிப் பிள்ளைகள் சட்டையில் கொட்டிக்கொள்ளும் மசியின் நீலம், அதற்கு உள்ளே விளக்குப் போட்டது மாதிரி. கட்டைவிரல் நகம் அளவு மணி. நடுவில் ஐந்து வெள்ளைப் புள்ளி. அவர் கண் மை தீட்டும் தூரிகையால் ஒரு செடியின் மகரந்தத்தைத் தொட்டு இன்னொன்றில் வைத்தார். திங்கட்கிழமை ஒரு கோப்பையைக் கையிலேந்திக்கொண்டு சுத்திகரிப்பு நிலையத்துக்கே வந்துவிட்டார்.

மிஸி வாசலிலேயே கையை நீட்டித் தடுத்தார்.

"ஆண்டி, மண்ணு உள்ள வரக்கூடாது. உங்களுக்கே இப்பத்தான் இன்ஃபெக்ஷன் வந்து போச்சு. இதுல நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்."

"சரி மிஸி. உள்ள கூடாது. நியாயம்தான். வெளில?"

"வெளில எங்க?"

எங்கள் நாற்காலி வரிசைக்குப் பின்னால் தரைவரை நீண்ட கண்ணாடிச் சுவர். அந்தப் பக்கம் பிளாக்கின் நடைபாதை. அவர் வெளியே சுற்றிப் போய், கண்ணாடிக்கு அந்தப் புறம் ஒரு காங்கிரீட் திண்டின்மேல் கோப்பையை வைத்தார். உள்ளே வந்து, கையைச் சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவி, மிஸியிடம் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிக் காட்டினார்.

"இப்ப நாற்காலியை எல்லாம் அந்தப் பக்கம் திருப்பலாம்ல? அதுக்கு விதி ஒண்ணும் இல்லையே?"

இல்லை. மிஸிக்கு நன்றாகத் தெரியும், இல்லை. ஒன்பது நாற்காலியையும் தாதிகள் சேர்ந்து திருப்பினார்கள். வழக்கமாகச் சுவரில் தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டு தூங்கும் கூட்டம் நாங்கள். சீன அங்கிள் ஒருவர், அங்கே வந்த நாளிலிருந்து யாரோடும் பேசாதவர், மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். வெளியே நடந்துபோனவர்கள் கோப்பையைப் பார்ப்பார்கள், பிறகு கண்ணாடிக்குள் குழாய் மாட்டிய ஒன்பது பேர் தங்களையே பார்ப்பதைப் பார்த்துத் திடுக்கிடுவார்கள். அவர் எல்லோருக்கும் கையசைத்தார்.

பூ உதிர்ந்தது. செடி காய்ந்து பழுப்பானது. ஒருநாள் மிஸி விசாரித்தார்.

"ஐயோ, செத்துப்போச்சா ஆண்டி?"

"சாகலை. வேலையை முடிச்சிருச்சு. முப்பத்தெட்டு விதை."

முப்பத்தெட்டையும் மறுபடி போட்டார். அடுத்த பருவம் இருபது செடிகள் வந்தன. கண்ணாடிக்கு வெளியே ஒரு வரிசையே நின்றது. அத்தோடு நிறுத்துவார் என்று நினைத்தோம். அவர் அந்தப் பூ பூக்கும் பாலைவனத்தை நேரில் பார்க்க வேண்டும் என்றார்.

எங்கள் டாக்டர் இளைஞர், சீனர். எட்டு நாள் பயணம் ஆபத்து, வேண்டாம் என்றார். அவர் தன் வழக்கமான கேள்வியை டாக்டரிடம் ஆங்கிலத்தில் கேட்டார். டாக்டர் கொஞ்சம் யோசித்துவிட்டு, தான் யாரையும் அவ்வளவு தூரம் அனுப்பியதில்லை, ஆபத்து என்று படித்ததுதான் என்று ஒப்புக்கொண்டார். ஆனால் படித்ததும் பொய்யில்லை என்றார். அதை அவர் ஏற்றுக்கொண்டார். பாலைவனத்துக்கு ஒரு மணி நேரத் தொலைவில் ஒரு ஊரில் சுத்திகரிப்பு நிலையம் கண்டுபிடித்து, மூன்று நாளுக்கு இடம் வாங்கி, தாளைக் கொண்டுவந்து டாக்டர் மேசையில் வைத்தார். டாக்டர் கடிதம் எழுதிக் கொடுத்தார்.

அவர் அண்ணன்தான் விடவில்லை. நிலையத்து வாசலிலேயே சண்டை.

"நீ தனியா போகக்கூடாது."

"அப்ப நீங்க வாங்க நானா."

"மணலைப் பார்க்கறதுக்கு நான் எதுக்கு வரணும்?"

"வராதீங்க. நான் போறேன்."

போய்விட்டார். மார்ச் மாதம்.

அவர் இறந்தது அதற்கு ஒன்றரை வருஷம் கழித்து. இதயம் நின்றுவிட்டது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வேலைக்குக் கிளம்பி, பேருந்து நிறுத்தத்தில். கழுத்தில் தொழிற்சாலை அட்டை மாட்டியிருந்தாராம். நோயோடு போராடித் தோற்றுவிட்டார் என்று அடக்கத்துக்கு வந்த யாரோ சொன்னார்கள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. தோற்றவர் வேலைக்குப் போக ஏழு மணிப் பேருந்துக்கு நிற்க மாட்டார். அதை அங்கேயே சொன்னேன், கொஞ்சம் சத்தமாகவே.

அதனால் அந்தச் செவ்வாய்க்கிழமையோடு இதை முடிக்க எனக்கு மனம் வரவில்லை. ஒரு திங்கட்கிழமையைச் சொல்கிறேன்.

அவர் பாலைவனம் பார்க்கப் போய் ஐந்தாம் நாள். காலை எட்டு மணி. எங்கள் ஒன்பது பேரில் எட்டுப் பேர் இயந்திரத்தில் இருந்தோம். என் கைப்பேசியில் வீடியோ அழைப்பு வந்தது. அங்கே ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். முக்காடு காற்றில் படபடக்க அவர் முகம் தெரிந்தது. இளைத்திருந்தார். கண்கள் மினுங்கின.

"அண்ணே, வந்துட்டேன்! மிஸியைக் கூப்பிடுங்க, எல்லாருக்கும் காட்டுங்க!"

மிஸி கைப்பேசியை வாங்கி ஒவ்வொரு நாற்காலியாகக் கொண்டுபோனார். பேசாத சீன அங்கிள் கழுத்தை நீட்டினார்.

"பூ எங்க ஆண்டி? பூவைக் காட்டுங்க."

"பொறுங்க. நானா, கேமராவைத் திருப்புங்க."

நானாவா? திரை குலுங்கியது. ஒரு நொடி, தொப்பி போட்டு, மூக்கு வெயிலில் சிவந்த அவர் அண்ணன் முகம் பெரிதாக வந்து போனது. பிறகு நிலம் தெரிந்தது. மொட்டை மலை. முள் புதர். மணல். கண்ணுக்கு எட்டியவரை மணல். ஒரு பூகூட இல்லை.

இயந்திரங்கள் மட்டும் ஓடின.

"ஒண்ணுமே இல்லையே ஆண்டி" என்றார் மிஸி, மெதுவாக.

"ஒண்ணுமே இல்ல! இந்த வருஷம் இங்க மழையே இல்லையாம். விதையெல்லாம் மண்ணுக்குள்ள படுத்திருக்குதாம். மழை வந்தாத்தான் எழுந்திருக்குமாம்." அவர் சிரிக்க ஆரம்பித்தார். மூச்சு வாங்க வாங்கச் சிரித்தார். "பாலைவனத்தாலயே முடியல மிஸி. புக்கிட் பாத்தோக்ல பூத்துச்சு. பபிள் டீ கப்புல!"

"இதைப் பார்க்கவா இவ்வளவு தூரம் இழுத்துட்டு வந்தே?" பின்னாலிருந்து அண்ணனின் குரல். "நடந்து நடந்து எனக்கு முட்டி போச்சு."

"உங்களை யாரு வரச் சொன்னது? விமானத்துல வந்து பக்கத்து சீட்ல உட்கார்ந்தது நீங்கதானே?"

"அப்ப தனியா விட்டுருவேனா?"

"சரி, விடுங்க. மழை பெய்ஞ்ச வருஷமாப் பார்த்து மறுபடி வரலாம்."

"மறுபடியுமா!"

திரை சாய்ந்தது. மணல் போய், மலை போய், வெறும் வானம் மட்டும் தெரிந்தது. கைப்பேசியைக் கையில் பிடித்திருப்பதையே அண்ணன் மறந்துவிட்டார். அந்த ஆளில்லாத பூமியில் நின்று அண்ணனும் தங்கையும் கத்திக் கத்திச் சண்டை போடும் சத்தம் எங்களுக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. மிஸி அழைப்பைத் துண்டிக்கவில்லை. கையில் ஊசி இருப்பதை மறந்து நாங்கள் எட்டுப் பேரும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்ததில் குழாய்கள் அசைந்து, இயந்திரங்கள் ஒவ்வொன்றாக எச்சரிக்கை மணி அடிக்க ஆரம்பித்தன.